கண்ணாத்தாள் வைத்த உலை

1935 ஜனவரி 21

ராசிபுரம் பக்கம் மூன்று ஊர் சுற்றிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தேன். சைக்கிள் செயின் இரண்டு இடத்தில் கழன்றது. மயில்துத்தம் என்கிற நீல மருந்துப் பொட்டலம் ஒன்றுகூட விலைபோகவில்லை. விதைச் சோளத்தை மயில்துத்தத் தண்ணீரில் நனைத்து விதையுங்கள், கதிரில் கரிப்பூட்டை நோய் வராது என்று தொண்டை கட்டும்வரை சொன்னேன். ஒருவன் கேட்டான், "ஏனுங்க டிமான்ஸ்டேட்டரு, உங்க காட்டுல போட்டீங்களா?" போட்டேன் என்றேன். "அப்ப அந்தச் சோளத்தைத் தின்னுட்டு அடுத்த வருசமும் நீங்க வந்தீங்கன்னா நாங்க போடறமுங்க." கூட்டம் முழுக்கச் சிரித்தது. விவசாய இலாகா என்னை இதற்குத்தான் அனுப்பி வைக்கிறது போலிருக்கிறது, வேடிக்கை காட்ட.

வீட்டுக்குள் நுழைந்ததும் பெரியநாயகி சொன்ன முதல் பேச்சு: "பாத்தீங்களா, இன்னிக்குச் செவப்பு வந்திருக்குதுங்க."

ஜாடியைச் சொல்கிறாள்.

போன ஆனியில், காய்ச்சலில் விழுவதற்குச் சில நாள் முன்பு, எங்கள் மகள் கண்ணாத்தாள் விளையாட்டுச் சமையல் செய்தாள். வாய் விண்டுபோன மிட்டாய் ஜாடி ஒன்றைப் புதுச்சத்திரத்துக் கடைக்காரர் அவளுக்குக் கொடுத்திருந்தார். ஊர்க் குட்டையிலிருந்து சேறு அள்ளிப் போட்டாள், அது சோறாம். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டாள், அது உப்பு. என் இலாகாவின் துண்டுப் பிரசுரத்தைக் கிழித்துப் போட்டாள், அது கீரை. மேலே குட்டைத் தண்ணீர். தட்டு வைத்து மூடி, விளிம்பில் ஈரமண் பூசி, கிழக்குச் சன்னலில் ஏற்றிவிட்டாள். நான் மூடியில் கைவைத்தேன். ஓடிவந்து என் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"தொறக்கப்படாதுப்பா. இன்னும் வேகோணும்."

"எப்பச் சாமி வேகும்?"

"வெந்தா நானே சொல்றேன்."

ஆடியில் போய்விட்டாள். ஏழு வயசு. ஜாடி அதே சன்னலில் இருக்கிறது.

ஜனவரி 26

காலையில் நாயகி ஜாடியை வெயில் விழும் இடத்துக்கு நகர்த்துகிறாள். சாயங்காலம் உள்ளே தள்ளி வைக்கிறாள். குழந்தையைக் குளிப்பாட்டி வெயிலில் உட்கார வைக்கிற மாதிரி.

அடிச் சேறு மை போலக் கறுத்துவிட்டது. அதற்கு மேலே ஊதாவும் சிவப்புமாக ஒரு பட்டை. உச்சியில் பச்சை. இடையிடையே ஒரு குமிழி சேற்றிலிருந்து கிளம்பி மேலே வந்து உடைகிறது. "கொதிக்குதுங்க" என்கிறாள்.

நான் அந்த அறையில் உட்காருவதை விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 2

எழுதித்தான் தீர வேண்டும், யாரிடமும் சொல்ல முடியவில்லை.

கண்ணுவுக்கு வந்தது விஷ ஜுரம். நாமக்கல் டாக்டர் சொன்னார், தண்ணீரில் இருக்கிற கிருமியால் வருவது என்று. எந்தத் தண்ணீர் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டியதும் இல்லை. அவள் எந்நேரமும் குட்டையில்தான் கிடந்தாள். தவளைக் குஞ்சு பிடிப்பாள், பாவாடை நனைய நிற்பாள், தாகம் எடுத்தால் அதிலேயே இரண்டு கை அள்ளிக் குடிப்பாள். எத்தனை தடவை அடித்திருக்கிறேன்!

அந்தத் தண்ணீர்தான் ஜாடியில் இருக்கிறது. அதே கிருமிதான் பெருகிப் பெருகிப் பட்டை பட்டையாக நிறம் காட்டுகிறது. என் மகளைத் தின்றவை என் வீட்டுச் சன்னலில் வெயில் காய்கின்றன. அதை நாயகி பாலூட்டாத குறையாகப் பார்த்துக்கொள்கிறாள்.

இன்று மதியம் ஒரு குமிழி உடைந்தது. சத்தம்கூடக் கேட்டது போல இருந்தது. கேட்டிருக்க முடியாது. மூடியிருக்கிற ஜாடிக்குள் உடைவது எப்படிக் கேட்கும்?

பிப்ரவரி 8

கேட்டேவிட்டேன். "அதைக் கொட்டிரலாம் நாயகி. அது சீக்கு."

"கொட்டுங்க" என்றாள். அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. "கொட்டிட்டு என்னையும் சங்ககிரியில எங்கப்பன் ஊட்டுல கொண்டுபோயி வுட்டுருங்க."

"அது அவளைக் கொன்ன தண்ணி புள்ள!"

"தொறக்கப்படாதுன்னு சொல்லியிருக்கறா" என்றாள். சொல்லியிருந்தாள் என்று சொல்லவில்லை. அடுத்த அறையில் இருக்கிறவளைப் பற்றிப் பேசுகிற மாதிரி, சொல்லியிருக்கிறாளாம்.

சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். ஜாடியைத் தொட முடியவில்லை. குட்டையைத் தொடலாம் அல்லவா?

பிப்ரவரி 12

குட்டை இந்த மாதம் கெட்டியாகப் பச்சைகட்டிவிட்டது. கரையோரம் ஆடை படர்ந்து கிடக்கிறது. நல்லதாகப் போயிற்று, எல்லோருக்கும் கண்ணால் காட்ட முடிந்தது. ஊரைக் கரையில் கூட்டிப் பேசினேன். இந்தப் பச்சைக்குள் கோடிக் கோடியாகக் கிருமி இருக்கிறது, அதுதான் என் வீட்டில் ஒரு உயிரைக் கொண்டுபோனது, நாளைக்கு உங்கள் வீடு என்றேன். மயில்துத்தம் போட்டால் பாசியும் சாகும், கிருமியும் சாகும், தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகும். சீமையில் அப்படித்தான் செய்கிறார்கள். இதெல்லாம் பொய் இல்லை.

சென்னியப்பன் மட்டும் கேட்டான். குட்டைக்கு ஒட்டின காடு அவனுடையது, அவன் எருமைகள் நாள் முழுவதும் அங்கேதான் கிடக்கும். "மருந்து போட்ட தண்ணிய எருமை குடிக்குமுங்களா?"

"கொஞ்ச நாள் விட்டுட்டா ஒண்ணும் பண்ணாது."

"மீனு?"

"அளவாப் போட்டா மீனுக்கு ஒண்ணும் ஆகாது."

விதைக்கு மயில்துத்தம் என்றால் சிரிக்கிற ஜனங்கள், செத்த குழந்தையின் அப்பன் கேட்டால் தலையாட்டுகிறார்கள். என் பேச்சை இதுவரை யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

பிப்ரவரி 17

முடிந்தது.

சாக்கில் மயில்துத்தத்தைக் கட்டி, இரண்டு பக்கமும் கயிறு போட்டு, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக இழுத்தோம். சாக்கு போன வழியெல்லாம் நீலமாகக் கரைந்து இறங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அளவு என்று புத்தகத்தில் இருப்பது ஒன்று. நான் போட்டது வேறு. கையிருப்பு முழுவதும் போட்டேன். போதுமுங்க, போதுமுங்க என்று சென்னியப்பன் இரண்டு தடவை சொன்னான். எனக்குப் போதவில்லை.

கை இரண்டும் நீலமாக இருக்கிறது. தேய்த்தும் போகவில்லை. ஏழு மாதத்தில் முதல் தடவையாக நன்றாகப் பசித்தது, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 18

மீன்.

பிப்ரவரி 23

மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதுகிறேன். காற்று இந்தப் பக்கம் அடிக்கிறது.

கெண்டை, குரவை, விலாங்கு எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அள்ளி அள்ளிப் புதைத்தோம். பிறகு நத்தை. பிறகு தவளைக் குஞ்சுகள், கறுப்புப் பாசிமணியைக் கொட்டினது போலக் கரை நெடுக. பச்சை எல்லாம் செத்து அடியில் படிந்து அழுகி, அழுகின முட்டை நாற்றம் ஊரைத் தூக்குகிறது. எருமைகள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. ஊரே கிணறு கிணறாகக் குடத்தோடு அலைகிறது, மாட்டுக்கும் இறைத்துத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

சென்னியப்பன் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "எலிக்குப் பயந்து ஊட்டைக் கொளுத்துன கதையாப் போச்சுங்களே சாமி" என்றான். அவ்வளவுதான். மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

நாற்றம் போய்விடும். கிருமி செத்தது செத்ததுதான்.

மார்ச் 11

நாற்றம் போய்விட்டது. சொன்னபடியே கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட தண்ணீரை நான் பார்த்ததில்லை. படியில் நின்றால் அடிமட்டம் தெரிகிறது. பூச்சி ஓடவில்லை, ஒன்று அசையவில்லை. அரச இலை விழுந்து அடியில் கிடக்கிறது, விழுந்த மேனிக்கு, நரம்புகூடத் தெரிகிறது. இலை என்றால் மக்க வேண்டாமா? எதற்காகவோ காத்திருக்கிற மாதிரி எல்லாம் அப்படியே கிடக்கிறது.

கடைசிப் படிக்கு அந்தப் பக்கம், நடுக்குழி இறங்குகிற இடத்தில், சேற்றிலிருந்து ஒரு காம்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் குச்சி என்று நினைத்தேன். குச்சி இல்லை. பித்தளைக் கரண்டி.

நாயகியின் குழம்புக் கரண்டி. சேறு அள்ளுவதற்காகக் கண்ணு எடுத்துக்கொண்டு போய்த் தொலைத்துவிட்டு வந்தாளே, அது. நாயகி அன்றைக்கு அவளை முதுகில் இரண்டு வைத்தாள். அதற்குப் பிறகு அடிக்க அவளுக்கு நாள் கிடைக்கவில்லை, மறு நாலாம் நாள் காய்ச்சல்.

ஓடிப்போய்ச் சொல்லித் தொலைத்தேன். ஏன் சொன்னேன்? வந்து பார்த்தாள். படியில் உட்கார்ந்துவிட்டாள். வேட்டியை மடித்துக்கட்டி நான் இறங்கப் போனேன்.

"கெடக்கட்டுமுங்க" என்றாள்.

மார்ச் 29

அந்த 'கெடக்கட்டுமுங்க'வுக்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள். துணி துவைத்துப் போடுகிறாள். கேட்டால் தலையை ஆட்டுகிறாள். ஜாடியை மட்டும் வெளியே எடுத்து வைத்து, உள்ளே எடுத்து வைத்து —

நான் என்ன செய்துவிட்டேன்? நல்லதுக்குத்தானே செய்தேன்! ஏன் எல்லாரும் என்னை இப்படிப் பார்க்கிறார்கள்?

வெயில் ஏற ஏறத் தண்ணீர் இறங்குகிறது. கரண்டி தினமும் கொஞ்சம் மேலே வருகிற மாதிரி இருக்கிறது. சுற்றிக்கொண்டு வேறு வழியாகத்தான் போகிறேன். ஆனாலும் எங்கே போனாலும் கண்ணுக்குள் அந்தக் காம்பு நிற்கிறது. இலாகா டிப்போவில் பேசிக்கொண்டே இருக்கும்போது, சாப்பிடக் குழம்பு ஊற்றும்போது.

ஏப்ரல் 7

பாலசுந்தரம் வந்திருக்கிறான். சேலத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், குமாரபாளையத்து நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. இப்போது கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியில் சோதனைச்சாலையில் இருக்கிறான். துக்கத்துக்கு வரமுடியவில்லை என்று இப்போது வந்தான். கூடவே ஒரு மைக்ராஸ்கோப், மரப்பெட்டியோடு. என் கிருமிகளை எனக்குக் காட்டச் சொல்லி நான்தான் எழுதியிருந்தேன். செத்ததை என் கண்ணால் பார்க்கவேண்டும் என்று.

குட்டைத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்தான். நானும் பார்த்தேன். வட்டமான வெளிச்சம். வேறு ஒன்றுமில்லை. இன்னொரு சொட்டு. ஒன்றுமில்லை. "இது தண்ணியே இல்லடா" என்றான். "கழுவி ஊத்தின பாட்டில் மாதிரி இருக்கு."

திரும்புகிற வழியில் சன்னலைப் பார்த்துவிட்டான். போய் நின்றவன் கால்மணி நேரம் நின்றான். கண்ணாடியில் மூக்கு படப் பார்த்தான்.

"யாருடா இதைச் செஞ்சது?"

சொன்னேன். சேறு, முட்டை ஓடு, காகிதம், தண்ணீர், வெயில்.

"எங்க கல்லூரியில பையனுங்களுக்குச் சொல்லிக்கொடுத்து இதைச் செய்யச் சொல்றோம். அப்படியும் பாதிப் பேருக்கு வராது. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து, கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ, மெதுவாகப் பேசினான். அடியில் இருக்கிற கறுப்புக்குக் காற்று ஆகாது, அது காகிதத்தையும் செத்த குப்பையையும் தின்றுவிட்டு நாற்றத்தை விடுகிறது. மேலே இருக்கிற சிவப்புக்கு அந்த நாற்றம்தான் சோறு, வெயில்தான் அடுப்பு. அது கழிப்பது இன்னொன்றுக்கு. உச்சியில் பச்சை. பச்சை சாகும்போது அடிக்குப் போகும், மறுபடி முதலிலிருந்து. ஒன்றின் எச்சில் இன்னொன்றுக்குச் சாப்பாடு, யாரும் எதையும் வீணாக்குவதில்லை என்றான். மூடி வைத்தாலும் வெயில் இருக்கிறவரை ஓடிக்கொண்டே இருக்கும்.

"விஷ ஜுரம்?" என்று கேட்டேன்.

"அது மனுசன் கழிவிலிருந்து வர்றது. எந்தக் கையில, எந்தக் குடத்துல இருந்துச்சோ. சேத்துல அதுக்கு ரொம்ப நாள் பொழப்பு கிடையாது, இதுங்களே தின்னு தீர்த்துரும். இதுங்க பண்ணலை அர்த்தநாரி. இதுங்களுக்கு மனுசன் உடம்பு வேண்டாம், செத்த இலை போதும்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. நாயகி கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டில் பாலசுந்தரத்துக்குக் கேட்காமலே இரண்டாம் தடவை போட்டாள்.

ஏப்ரல் 8

எந்தக் குடம்? எந்தக் கை?

எங்கள் கிணறு. குட்டை. சங்ககிரியில் அவள் பாட்டனார் வீட்டுப் பானை. திருச்செங்கோட்டுத் தேருக்குக் கூட்டிக்கொண்டு போனபோது பந்தலில் பானகம் — இன்னும் ஒரு சொம்பு வேண்டும் என்றாள், கூட்டத்தில் முண்டியடித்து நான்தான் வாங்கிக்கொண்டு வந்தேன். எதை அடிப்பது? எதில் கொண்டுபோய் மருந்தைக் கொட்டுவது? யாரையாவது ஒருத்தரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருக்கிறது, ஒருத்தரும் இல்லை!

கூட்டத்துக்குக் கூட்டம் நானே சொல்லியிருக்கிறேன். குட்டை வண்டலை அள்ளிக் காட்டுக்கு அடியுங்கள், குப்பையை மக்க விடுங்கள், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் செத்ததை எல்லாம் உரமாக்கித் தருகின்றன, அவை இல்லாவிட்டால் உலகம் பிணக்காடாகிவிடும் என்று. அச்சடித்தே கொடுத்திருக்கிறேன். அதைத்தான் கண்ணு கிழித்துக் கீரையாகப் போட்டாள். ஊருக்குத்தான் உபதேசம்.

மே 15

வண்டல் அடிக்கிற காலம். மற்ற வருஷமாக இருந்தால் இந்நேரம் குட்டைக்குள் வண்டி இறங்கி, மண் அள்ள ஆளுக்கு ஆள் சண்டை நடக்கும். இந்த வருஷம் ஒரு வண்டிகூட வரவில்லை.

சென்னியப்பன் மட்டும் கரையோரம் ஒரு கூடை வெட்டிப் பார்த்தான். என்னையும் கூப்பிட்டான். கையில் பிசைந்து என் மூக்கடியில் நீட்டினான். மண்ணில் மண் வாசமே இல்லை. உள்ளேயிருந்து புளிய இலையைப் பொறுக்கி எடுத்தான், மாசியில் விழுந்தது, நேற்று உதிர்ந்தது போல இருந்தது.

"இதைக் கொண்டுபோயி என்னுங்க பண்றது? செத்தது செத்தமேனிக்கே கெடக்குது" என்றான்.

மகள் போனதிலிருந்து என் வீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படி.

ஜூலை 18

ஆடி 3. ஒரு வருஷம். நாயகி கண்ணுவுக்குப் படையல் வைத்தாள். ஜாடியைப் படையலுக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. அது படையல் சாமான் இல்லை போலும் — அடுப்பில் இருக்கிற சோறு.

ஆகஸ்டு 24

முந்தாநாள் நல்ல மழை. குட்டைக்குப் புதுத்தண்ணீர் வந்து செம்மண் நிறமாக நிறைந்தது. மனசு கொஞ்சம் துள்ளியது. இனி எல்லாம் தானாக வந்துவிடும் என்று பாலசுந்தரமும் எழுதியிருந்தான்.

இன்று மண் தெளிந்துவிட்டது. மறுபடி கண்ணாடி. கரண்டிக் காம்பு அங்கேயே, இன்னும் ஆழத்தில்.

மழை பெய்தால் ஊருக்கு ஊர் தவளை கத்தும். களங்காணி வழியாகச் சாயங்காலம் சைக்கிளில் வந்தேன், வழியெல்லாம் காது கிழிகிறது. எங்கள் ஊர் எல்லையில் நுழைந்ததும் நின்றுவிட்டது. கத்தியால் வெட்டினது போல. சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். ஒரு தவளை இல்லை. இது என் கைவேலை. பயமாக இருந்தது, வீட்டுவரை தள்ளிக்கொண்டே வந்தேன், ஏறி மிதிக்கத் தைரியம் வரவில்லை.

செப்டம்பர் 9

நாயகியிடம் பேசினேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள், நான் அவள் முதுகைப் பார்த்துப் பேசினேன்.

ஜாடியில் இருப்பது கண்ணுவைக் கொன்றது இல்லை, நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன் என்றேன். குட்டையில் என்னென்ன இருந்ததோ அதில் மிச்சம் இருப்பது அந்த ஜாடியில்தான் என்றேன். எனக்கு எதுவும் வேண்டாம், உனக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான் என்றேன். மழையும் காற்றும் எங்கிருந்தாவது கொண்டுவந்து சேர்க்கும், இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம். ஜாடியைக் கேட்க எனக்கு வாயும் இல்லை, முகமும் இல்லை. கேட்கவும் இல்லை.

அவள் திரும்பவில்லை. புளியைக் கரைத்துக்கொண்டே இருந்தாள். கரைத்து முடிந்த பிறகும்.

செப்டம்பர் 22

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க."

ஆறு மாதம். சத்தியமாக யாரோ பக்கத்து வீட்டில் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, கொஞ்சம் வாங்க."

இடுப்பில் ஜாடி. குழந்தையை வைத்துக்கொள்கிற பக்கத்து இடுப்பில். முன்னால் நடந்தாள், நான் வாய் கொப்பளிக்காமல் பின்னால் போனேன். சென்னியப்பன் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவன் கரையிலேயே நின்றுவிட்டான்.

கடைசிப் படியில் உட்கார்ந்தாள். விளிம்பில் காய்ந்திருந்த மண்ணை நகத்தால் சுரண்டினாள். அதில் ஒரு சின்ன விரல் பதிந்த குழி இருந்தது. நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள். அந்த இடத்தை மட்டும் உடைக்காமல் பெயர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு மூடியை எடுத்தாள். நாற்றம் குப்பென்று வந்தது. முகம் சுளிக்கவில்லை. குனிந்து, குழம்பு பதம் பார்க்கிறவள் மாதிரி உள்ளே பார்த்தாள்.

"வெந்திருச்சுங்க" என்றாள்.

கவிழ்த்தாள். பச்சையும் சிவப்பும் கறுப்பும் ஒன்றாகக் கலந்து, கலங்கலாக, அந்தத் தெளிந்த தண்ணீருக்குள் மெதுவாக இறங்கிப் போனது. கரண்டி இருக்கிற பக்கமாகத்தான் போனது. நான் படியில் உட்கார்ந்து அழுதேன். வாயில் பல்பொடி, மேலெல்லாம் ஒழுகிவிட்டது. அவள் அழவில்லை. ஜாடியைக் குட்டைத் தண்ணீரிலேயே அலசினாள்.

அக்டோபர் 20

நான்கு நாளாக அடைமழை. டிப்போவுக்குப் போகவில்லை.

படியோரம் தண்ணீரில் லேசாக ஒரு நிறம் தெரிகிறது. என் ஆசைக்குத் தெரிகிறதா, உண்மையிலேயே இருக்கிறதா? நாயகியைக் கேட்டேன். "தெரியலீங்க" என்றாள். பதில் சொன்னாளே, அது போதும்.

ஜாடியில் கல்லுப்பு போட்டு வைத்திருக்கிறாள்.

நவம்பர் 6

ஒரே ஒரு தவளை. சாயங்காலத்திலிருந்து கத்திக்கொண்டிருக்கிறது. பதில் சொல்ல ஆள் இல்லாமல், மடையன், விடாமல்.

நவம்பர் 19

குட்டையடியில் கிடந்த அந்த அரச இலையைத் தேடினேன். இருந்தது, ஆனால் தொட்டதும் கையில் கரைந்துவிட்டது. நரம்பு மட்டும் வலை மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டது. அதைக் கொண்டுபோய் நாயகியிடம் காட்டினேன். என்ன இது என்று கேட்டாள். மக்குது என்றேன். வேறு என்ன சொல்வது!

தண்ணீர் மங்கலாகிவிட்டது. கரண்டி தெரியவில்லை. குனிந்து, கையை நெற்றியில் வைத்து மறைத்துப் பார்த்தேன். தெரியவில்லை.

டிசம்பர் 4

காலையில் கால் கழுவ இறங்கினவன், குட்டைப் படியில் வழுக்கி விழுந்தேன். நல்ல அடி. முழங்கை சிராய்ப்பு, வேட்டி முழுக்கப் பச்சை. சென்னியப்பனின் எருமை குடிப்பதை நிறுத்தி, தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குடித்தது. கரைமேல் குடத்தோடு வந்த நாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

"பாத்து எறங்கோணுமல்லங்க" என்றாள். "பாசி."